எல்லோரையும் ஏற்றிவிட்டு நின்றவர்

அந்த மனிதர் மூன்றாவது நாளும் பஸ்ஸில் ஏறவில்லை. கவுண்டம்பாளையம் நிறுத்தத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் "நீங்க ஏறுங்க, நீங்க ஏறுங்க" என்று கையைக் காட்டி வழிவிட்டார். கடைசி ஆள் ஏறியதும் நான் விசில் கொடுத்தேன். பஸ் கிளம்பியது. அவர் சாப்பாட்டுப் பையோடு அங்கேயே நின்றார்.

காந்திபுரம் - மேட்டுப்பாளையம் தடத்தில் நான் கண்டக்டராக இருந்தேன். போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸுக்குக் காத்திருந்து, பஸ் வந்ததும் ஏறாமல் விடுகிற ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை. டிரைவர் செல்வராஜிடம் சொன்னேன்.

"நம்மூர்க்காரரு, மரியாதை ஜாஸ்தியா இருக்குமுங்க. விடுங்க" என்றார்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

புதியவர்களுக்கு என் பாடம்

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். புதிதாகப் பஸ் ஏறுகிறவர்களைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது. காலேஜ் திறந்துவிட்டால் போதும், பஸ்ஸையே வகுப்பறை ஆக்கிவிடுவேன். முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டுங்க. படியில் நிற்காமல் உள்ளே போங்க. உட்கார்ந்திருக்கிறவர் உங்கள் பையைக் கேட்டால் பயப்படாமல் கொடுங்க, மடியில் வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார். ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து வாசலுக்கு வாங்க. போர்டு பார்த்து ஏறுங்க. சில பேர் சிரிப்பார்கள், சில பேர் காதில் ஒயரைச் செருகிக்கொள்வார்கள். நான் விடமாட்டேன்.

நாலாம் நாள்

நாலாம் நாள் நானே இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார்.

"ஏனுங்க, ஆளுகளை ஏத்தி உடறது என்னோட வேலைங்க. அதையும் நீங்களே பாத்துக்கிட்டா எனக்கு யாருங்க சம்பளம் குடுப்பாங்க?"

கேலியாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இது பெரியநாயக்கன்பாளையம் போகுங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போகுங்க. மூணு நாளா உங்களை உட்டுப்போட்டு அங்கதான் போகுது."

"தெரியிலீங்க. சர்க்கரைல கண்ணு மங்கிப்போச்சுங்க. வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. உங்க போர்டுல செவப்பு எழுத்து ஓடறப்ப ஒரே கோடாத் தெரியுதுங்க. வேலைக்குச் சேந்த மொத நாளே பஸ் மாறி ஏறி, துடியலூர்ல திரும்பிச் சரவணம்பட்டி போயிட்டனுங்க."

"பக்கத்துல யாரையாச்சும் கேக்கலாமுங்களே?"

"மறுநாளே உங்களைக் கேட்டனுங்களே. போர்டு பாத்து ஏறப் பழகுங்கன்னீங்க. அப்புறம் யாரையும் கேக்கறதுக்குக் கூச்சமாப் போச்சுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். ஓடும் எழுத்து போர்டு வைத்த புதுப் பஸ் வந்த பிறகு, நிறுத்தத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவுவதையே விட்டிருந்தேன். தொண்டைக்கு ஓய்வு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

"ஏறறவங்க பேச்சுல ஊர்ப் பேரு காதுல உழுகுமான்னுதாங்க படிகிட்டயே நிக்கறேன். அதுக்குள்ள நீங்க விசில் குடுத்துப்போடறீங்க" என்றார். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம். ஊர்ப் பெயர் காதில் விழுகிற வேறு பஸ் வரும்வரை காத்திருந்து போனதில் தினமும் தாமதம். "இன்னைக்கும் லேட்டானா வேற ஆளைப் போட்டுக்கறோம்னு சொல்லிப்போட்டாங்க."

அவர் கையைப் பிடித்து ஏற்றினேன். செல்வராஜிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கியரை மாற்றினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அந்த மனிதர் இறங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். ஷிப்ட்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கேட்டுக்குள் விட்டார்களா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மேட்டுப்பாளையம் போய்த் திரும்புகிறவரை அதே நினைப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. புதிதாகப் பஸ் ஏறுகிறவருக்குச் சொல்ல என்னிடம் அத்தனை பாடம் இருந்தது. அவர் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் கண்டக்டர்களிடம் நான் சொல்வது இந்த ஒன்றைத்தான்: உங்களுக்கு நூறாவது தடவையாக இருக்கலாம், கேட்கிறவருக்கு அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே தலையை வெளியே நீட்டி, "பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம்!" என்று கூவினேன். பழக்கம் விட்டுப்போன தொண்டை கீச்சிட்டது. காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அதே சாப்பாட்டுப் பையோடு அவர் நின்றிருந்தார். குரல் கேட்டதும் இரண்டு பேரை முழங்கையால் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார். வரிசையில் ஏறுங்க என்று தினமும் சத்தம் போடுகிற நான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.