மஞ்சள் சுடிதார்

முட்டைக்கோஸ் வயல்களில் பூச்சி எண்ணுவதுதான் அவளுக்குப் பதினான்கு வருஷத்து உத்தியோகம்; அதனால் விவசாயிகளுக்கு அவள் பூச்சியக்கா. குளிர் விட்டதும் பசை தடவிய மஞ்சள் அட்டைகளைப் பூச்சிப் பொறிகளாகக் குச்சிகளில் கட்டிவைப்பாள். மஞ்சளைக் கண்டால் அசுவினிப் பூச்சிக்குத் தலைகால் புரியாது, பறந்துவந்து ஒட்டிக்கொள்ளும். முதல் பூச்சி ஒட்டும் நாளில் அவளுக்கும் தலைகால் புரியாது.

இந்த வசந்தத்தில் மூன்று வாரமாக அட்டைகள் காலி. "அக்கா, உங்க விருந்தாளிங்க வழி தவறிட்டாங்களா?" என்று விவசாயிகள் கிண்டலடித்தார்கள்.

அன்று அவள் பிறந்தநாள். கணவர் ஆசையாக எடுத்துக்கொடுத்த மஞ்சள் சுடிதாரில் வயலுக்கு வந்தாள். ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டவரும் கூடவே நடந்தார். இரண்டாவது வரிசை முடிவதற்குள் அவள் தோள், கை, முதுகெல்லாம் பொடிப்பொடியாய்ப் பச்சைப் பூச்சிகள்.

"ஐயோ, புதுத்துணி!" என்று அவர் தட்டிவிடப் போனார்.

"தொட்டீங்க, தொலைச்சிடுவேன்! வந்துட்டாங்க, வந்துட்டாங்க!" குதிக்கத் துடித்தது கால். குதித்தால் பறந்துவிடுமே! பூதக்கண்ணாடியை அவர் கையில் திணித்தாள். "என் முதுகு எனக்குத் தெரியாது. நீங்க எண்ணுங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் எண்ணினார். நாற்பத்தேழு. குறிப்பேட்டில் 'பொறி' என்ற கட்டத்தில் 'பிறந்தநாள் சுடிதார்' என்று எழுதினாள்.

"அடுத்த வருஷம் நீலத்துல எடுத்துத் தரேன்," என்றார் அவர், நொந்துபோய்.

அவள் கண் விரிந்தது. "நீலமா? இலைப்பேன் பூச்சிக்கு நீலம்னா உயிராச்சே!"