வேப்பந்தழைப் புகை

படமெடுக்க வருகிறவர்களைக் கண்டாலே சந்திரசேகருக்குக் குமட்டும். ஆனால் அவன் பிழைப்பே அவர்களால்தான். சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். திருப்பதிக்கு வந்து கார் வாங்கி, மலைக்குப் பக்தர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஒருமுறை கேமராக்காரர் ஒருவரை நாகலாபுரம் அருவிக்குக் கூட்டிப்போனான். அன்றிலிருந்து அவன் நம்பர் கைமாறிக் கைமாறி, காடும் பழங்குடியும் வேண்டுமென்று வருகிறவர்களெல்லாம் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

அவர்களில் ரகு பெரிய ஆள். மங்கோலியா, எத்தியோப்பியா என்று உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றிப் படமெடுத்துப் புத்தகம் போடுகிற சென்னைக்காரர். இந்த முறை மலையடிவாரத்து இருளர் குடியிருப்பு வேண்டுமென்றார். வந்து இறங்கியதும் மூஞ்சியைச் சுளித்தார். கான்கிரீட் வீடு, டிஷ் ஆன்டெனா, கொடியில் நைட்டி.

"என்ன சேகர், இதுல பழமையே இல்லையே!"

என்னமோ அந்த ஜனங்கள் இவரிடம் வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்ட மாதிரி.

கடைசியில் ரூபா என்கிற பெண்ணின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆட்டுக்கொட்டகை கண்ணில் பட்டது. ஓட்டைக் கூரை வழியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரூபா நைட்டியைக் கழற்றிவிட்டுக் கந்தல் புடவை சுற்றிக்கொண்டு, கைக்குழந்தையோடு ஆட்டுப்புழுக்கைமேல் உட்கார வேண்டுமாம். வெயில் கற்றை கற்றையாகத் தெரிய உள்ளே புகை போட வேண்டுமாம். எந்தத் தேசத்துக் குடிசைக்குப் போனாலும் அவர் செய்கிற வித்தை அது. சந்திரசேகர்தான் வேப்பந்தழை ஒடித்துவந்து மூட்டம் போட்டான்.

"ணா, கொயந்திக்கு மூச்சு வாங்கும்ணா. போன வாரந்தான் ஆஸ்பத்திரிலேருந்து இட்டுக்கினு வந்தோம்" என்றாள் ரூபா.

"ரெண்டே நிமிஷம்மா" என்றார் ரகு.

குழந்தை இருமத் தொடங்கியது. அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருமட்டும், நல்லாத்தான் வருது. சேகர், இன்னும் கொஞ்சம் தழை." வாடிக்கைக்காரர் சொன்னால் செய்து பழகிய கை, யோசிக்காமல் போட்டது. இருமல் நின்றது. குழந்தையின் நெஞ்சு உள்ளே உள்ளே இழுத்தது, உதடு கருநீலமானது.

"அய்யோ, ணா!" என்று ரூபா அலறினாள்.

சந்திரசேகர் நெருப்பை மிதித்தான். அவர்மேல் வந்த அருவருப்பைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகம். "எய்ந்திரும்மா, வண்டில ஏறு!" ஒரே ஒரு ஷாட் என்று ரகு கெஞ்சிக்கொண்டிருக்க, அவரை அங்கேயே விட்டுவிட்டுப் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். வழியெல்லாம் குழந்தை மூச்சை இழுக்கும் சத்தம் பின்சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் திட்டினார். மெல்ல மெல்லக் குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பியது.

போன் அடித்தது. ரகுதான். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகிறார் என்றுதான் எடுத்தான்.

"சேகர், கொழந்தைக்கு மாஸ்க் போட்டிருக்காங்களா? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அம்மா முகமும் சேர்ந்து வரணும். கடைசிப் பக்கத்துக்கு அருமையா இருக்கும்."

காறித் துப்பலாம் என்றால் ஆஸ்பத்திரித் தரை. போனை அணைத்தான்.

குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ரூபா பயந்துபோய்க் கேட்டாள்.

"அந்த சாராண்ணா? பாதில வந்துட்டோமே, எங்க மேல கோவமா கீறாரா?"