லேமினேஷன் செய்த மருந்துச் சீட்டு

வட்டாட்சியர் அலுவலகத்தில் தேதியில்லாத மனுக்களைத் திருப்பியனுப்பியே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுக்குப் பின் திருப்பியனுப்ப யாரும் கிடைக்கவில்லை. ஆகவே தினமும் காலையில் மனைவியின் ரத்த அழுத்தத்தை அளந்து நோட்டில் எழுதுவதை வேலையாக்கிக்கொண்டேன். கையால் அமுக்கிக் காற்றேற்றும் பழைய கருவி.

அன்று முள் எனக்குத் திருப்தியாக நிற்கவில்லை. அவள் கையில் சுற்றிய பட்டையைத் தளர்த்தாமல் மறுபடி மறுபடி காற்றேற்றினேன். இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அவள் மணிக்கட்டு உள்நோக்கி மடங்கியது. விரல்கள் கோலப்பொடி எடுப்பதுபோலக் குவிந்தன.

“ஏட்டி, கைய நீட்டு. காலங்காத்தால என்ன வெளாட்டு?”

“நானா வெளாடுதேன்? அது தானா இழுக்குது. விரிக்க முடியல.”

விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். அசையவில்லை. காற்றை விட்டதும் கை மெல்ல விரிந்தது. உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, கெண்டைக்கால் கல்லாகிறது என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘வயசு’ என்று குறிப்பெழுதி அந்தக் கோப்பை நான்தான் முடித்திருந்தேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கால்சியம் குறைவு, அதனால்தான் பட்டை இறுக்கியதும் கை மடங்கியது என்று சொல்லி ஊசி போட்டார்கள். கை இளகியது. மறுநாள் மதியம் திரும்ப இழுத்தது. மறுபடி ஊசி, மறுபடி இழுப்பு. தலைமாட்டுத் திரையில் அவளுடைய இதயத்துடிப்பின் கோடு இடையிடையே தாளம் தப்பியது. எனக்கு நடைமுறை தெரியாத அலுவலகமும் உண்டு என்பதை அந்தத் திரை முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் வந்த பெண் டாக்டர், “அம்மா வேற என்ன மாத்திரை சாப்பிடுதாங்க?” என்று கேட்டார். தேதிவாரியாக அடுக்கிய அவளுடைய மருத்துவக் கோப்பைக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் லேமினேஷன் செய்த சீட்டு. நெஞ்செரிச்சலுக்காக, அமிலம் சுரப்பதைக் குறைக்க எழுதிய மாத்திரை. அதைக் காட்டித்தான் ஏழு வருடமாக வாங்கிவந்தேன். “சீட்டோட வாரது அண்ணாச்சி ஒருத்தருதான், மத்தவன்லாம் காலி அட்டையத் தூக்கிட்டு வாரான்” என்று மருந்துக்கடைக்காரர் பாராட்டவும் செய்வார்.

“இத யாரு லேமினேஷன் பண்ணது?”

“நான்தான் மேடம். கிழிஞ்சிரக் கூடாதுன்னு.”

“எத்தன நாளைக்குன்னு எழுதியிருக்கும்லா? அந்த எடத்தக் காணோமே சார்?”

கீழ் ஓரம் நைந்திருந்தது. நேராக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடையில் வெட்டச் சொன்னேன். அந்த ஓரத்தில் ‘ஆறு வாரம்’ என்றிருந்தது. நான் அதைப் படித்திருந்தேன்.

அந்த மாத்திரையை வருடக்கணக்கில் தின்றால் சிலருக்குக் குடல் மெக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சாதாம். அது குறைந்தால் கால்சியமும் குறையும். எத்தனை ஊசி போட்டாலும் நிற்காது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். “ரொம்பக் கொறஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். நெஞ்சுத் துடிப்பு நின்னாலும் நின்னிருக்கும்” என்றார் டாக்டர். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியவைக்கும் எங்கள் போர் தண்ணீரில்கூடக் கொஞ்சம் மெக்னீசியம் உண்டாம். அதை நிறுத்திவிட்டுக் கேன் தண்ணீருக்கு மாறியதும் என் உத்தரவுதான்.

மாத்திரையை நிறுத்திவிட்டு மெக்னீசியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து அவள் முழங்காலில் தட்டிப் பார்த்தார்.

“எதுக்கும்மா தட்டுதீங்க?”

“அளவு கூடிட்டா கால் உதறாது சார். அதுக்கு மேல போனா மூச்சுத் திணறும்.”

குறைந்தால் வலிப்பு, கூடினால் மூச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கால் உதறும்வரை என் மூச்சு நின்றிருந்தது.

மூன்றாம் நாள் இழுப்பு வரவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவளிடம் ஓரத்தை வெட்டியதைச் சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“வெட்டுன துண்ட என்ன செஞ்சீங்க?”

“குப்பையில போட்டேன்.”

“நல்லவேள. இல்லன்னா அதையும் லேமினேஷன் பண்ணியிருப்பீங்க.”

இப்போதும் காலையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றுகிறேன். நோட்டில் பல நாட்கள் காலியாகக் கிடக்கின்றன.

“மெஷினப் பாருங்க, கையவே பாக்குதீங்க” என்கிறாள்.

முள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரிவதில்லை. அவள் விரல்கள் விரிந்தபடி இருக்கின்றனவா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.