விடை இல்லாத புத்தகம்

கல்கத்தாவின் கோல்பார்க் நடைபாதையில் பழைய புத்தகக்காரர் அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி எடுத்து, தோளில் கிடக்கும் ‘கம்சா’த் துண்டால் அதன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தமும், உடனே கிளம்பி மூக்கில் ஏறும் தூசியும், மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாயின் கீழ் ஊறிக் கிடந்து குளிர்கால வெயிலில் காய்ந்த காகிதத்தின் வாடையும் சேர்ந்துதான் எனக்குக் கம்ப்யூட்டர் என்ற சொல்லின் வாசனை. பள்ளியில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய குளிரூட்டிய அறையில் அந்த இயந்திரத்தை நான் முன்பே பார்த்திருந்தேன் என்றாலும், எங்கள் வீட்டுக்குள் அது வந்தது இந்தத் தூசியோடுதான். வரும்போது ஒரு பயத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

அப்பாவுக்குக் கிடர்பூரில் வேலை. கப்பல் சரக்குகளைக் கையாளும் ஒரு கம்பெனியில், எந்தப் பெட்டி கப்பலில் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் பிரிவில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே கல்கத்தாவுக்கு வந்துவிட்டவர். வெளியே வங்காளிகளே தங்கள் ஆள் என்று நினைக்கும்படி வங்காளம் பேசுவார், வாசல்படி தாண்டியதும் ஊர்த் தமிழ்தான். நான் எட்டாம் வகுப்பில் இருந்த குளிர்காலத்தில், வேலை முழுவதும் கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறது, புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களைப் பரீட்சை வைத்துப் பொறுக்குவோம், மற்றவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். யாருடைய விருப்பம் என்று அம்மா கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் படிக்கிற பெண் என்ற ஒரே தகுதிக்காக என்னையும் அழைத்துக்கொண்டு புத்தகம் வாங்கக் கிளம்பினார்.

பாலிகஞ்சில் எங்கள் வீட்டிலிருந்து கரியாஹாட் வழியாக நடந்தே போய்விடலாம். சேலைக் கடைகளையும் பீங்கான் கடைகளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்கிற அப்பா அன்று எதையும் பார்க்கவில்லை. புத்தகக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று செங்கல் கனத்துக்குத் தடித்தது. பக்கத்துக்குப் பக்கம் கேள்வி, கேள்விக்குக் கீழேயே முழுப் புரோகிராம். மற்றது மெலிந்தது, அட்டை போய் முதல் பக்கமும் கிழிந்து, பேர்கூட இல்லாமல் கிடந்தது. அதைத்தான் நான் திறந்தேன். புரோகிராம் எழுதுவதற்கு முன்னால், இந்தக் காரியத்தை நீ உன் கையால் எப்படிச் செய்வாய் என்று உன் சொந்த வார்த்தையில் சொல்லு என்று ஒவ்வொரு கணக்கின் அடியிலும் கேட்டிருந்தது. கேட்டுவிட்டுக் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தது. எனக்கு அது ஒரு விளையாட்டுப் போலப் பிடித்துவிட்டது.

அப்பா அதை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். “இதுல விடையே இல்லையேட்டி,” என்றார். விடை இல்லாத புத்தகத்தைக் காசு கொடுத்து யாராவது வாங்குவார்களா என்று அவர் முகம் கேட்டது. நான் பள்ளியில் டீச்சரும் இப்படித்தான் கேட்பார் என்று சொல்லிப் பார்த்தேன். புத்தகக்காரர் குறுக்கே புகுந்து, தடித்த புத்தகத்தைத் தட்டியபடி, “ஷப் காமன் போர்பே, தாதா,” என்றார். கல்கத்தாவில் பரீட்சை எழுதிய யாருக்கும் இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. படித்த கேள்வியே வினாத்தாளில் வந்துவிட்டால் அது ‘காமன்’; அதற்காகவே ‘சஜெஷன்’ என்று கேள்விகளை ஊகித்துப் புத்தகம் போட்டு விற்பார்கள், வாங்கிப் படித்துப் பாஸும் பண்ணுவார்கள். எல்லாம் ‘காமன்’ வரும், அண்ணா என்று ஒருவர் தெருவில் நின்று உறுதி கொடுத்த பிறகு அப்பா ஏன் என் பேச்சைக் கேட்கப்போகிறார்? தடித்தது எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்பாவுக்குப் படிப்பு என்றாலே மனப்பாடம். சின்ன வயதில் பதிகங்களை அப்படித்தான் ஏற்றிக்கொண்டாராம். “மொதல்ல நெஞ்சுக்குள்ள போட்டு வை, அர்த்தம் பொறவு வரும்,” என்பது எனக்கும் அவர் ஓயாமல் சொல்லும் வார்த்தை. ஆகவே அந்தக் குளிர்காலம் முழுவதும் விடிகாலையில் பல் தந்தியடிக்கக் குளித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வழக்கமான பதிகம் முடிந்ததும் புரோகிராம்களைப் பாராயணம் செய்தார். அடைப்புக்குறி திறக்கிறது, அடைப்புக்குறி மூடுகிறது, செமிகோலன்; எல்லாம் ராகத்தோடு வரும். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் ஒரு நாள் மாடிப்படியில் அம்மாவை நிறுத்தி, இது எந்தச் சாமிக்கு உண்டான மந்திரம் என்று பக்தியோடு விசாரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வேலை போகாமல் இருக்கச் சொல்லும் மந்திரம் என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டாள். நான் போர்வைக்குள் சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி காது கொடுத்தேன். ஒரு வரியைக்கூட அவர் ஏன் என்று கேட்டு நான் பார்க்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குளிர்காலக் கடைசியில், வங்காளத்து வழக்கப்படி, சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் தெருப் பந்தலில் பிள்ளைகள் தங்களுக்கு எந்தப் பாடம் பயமோ அந்தப் புத்தகத்தைத் தேவியின் காலடியில் வைப்பார்கள்; நான் கணக்குப் புத்தகத்தை வைத்தேன். அந்த வரிசையில், பிள்ளைகளின் பாடநூல்களுக்கு நடுவில், அப்பா தன் தடித்த புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கை கூப்பி நின்றார். என் தோழிகள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. புத்தகத்தைத் தொடக் கூடாத அந்த ஒரு நாளில் அவர் வீட்டுக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்தார்.

பரீட்சை அன்று அவர் சாயங்காலமே திரும்பிவிட்டார். அம்மா அவருடைய டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவ உட்கார்ந்தாள். “ஒண்ணும் காமன் வரல,” என்றார் அப்பா, பொதுவாக, சுவரைப் பார்த்து. அப்புறம் கேள்வியைச் சொன்னார். ஒரு கப்பல் பல துறைமுகங்களில் நின்று நின்று போகும். அங்கங்கே இறக்க வேண்டிய பெட்டிகளை எந்த வரிசையில் ஏற்றினால் எதையும் மாற்றி வைக்காமல் இறக்கலாம், அதற்கான வழியை முதலில் விளக்கி, பிறகு புரோகிராமாக எழுது. நான் அப்பாவையே பார்த்தேன்.

அம்மா தலையைத் தூக்காமலே, “கடைசில எறக்குதத அடியில வைக்கணும். இந்தா, சாம்பார் சாதத்த மேலயும் மோர் சாதத்த அடியிலயும் நான் வைக்கலியா, அந்த மாதிரிதான,” என்றாள்.

அப்பா சுவரிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “அது தெரியாமலா. அது நாம தெனமும் செய்யுத ஜோலில்லா. அதப் போய் புரோகிராம்னு எப்பிடி நெனைக்க?”

வேறு என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்டேன். மாணவர்களின் மதிப்பெண்களை ஏறுவரிசையில் அடுக்கும் புரோகிராமை, புத்தகத்தில் உள்ளபடியே, ஒரு செமிகோலன்கூட விடாமல் எழுதிவிட்டு வந்திருந்தார். பெட்டி ஏற்றும் வரிசை போடுவதையே வாழ்நாள் முழுக்கச் செய்த மனிதரிடம் அந்த வேலையையே கேட்டிருக்கிறார்கள், அவருக்கு அது தன்னுடையது என்று அடையாளம் தெரியவில்லை. எனக்கு அப்பா மேல் கோபம், புத்தகக்காரர் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் புத்தகத்தின் மேல் கோபம். மாதம் திரும்புவதற்குள் கம்பெனி அவருடைய விருப்பத்தை அவருக்குத் தெரிவித்துவிட்டது. லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் ஒருவரின் மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கப் போனார். கல்கத்தாவை விட்டுப் போகாமல் தப்பித்தோம். ஆனால் காலையில் அந்த ராகம் நின்றுபோனது, பதிகமும் சேர்ந்து நின்றது.

இன்றைக்கு நானும் புரோகிராம் எழுதித்தான் சாப்பிடுகிறேன். பிடித்துப்போய் இதற்கு வந்தேனா, அந்தத் தடித்த புத்தகத்தின் மேல் இருந்த வீம்பில் வந்தேனா என்று எனக்கே தெரியாது. அம்மா இப்போது இல்லை. அப்பா என்னோடு இருக்கிறார். போன மாதம் எங்கள் அலுவலகத்தில் கூட்டம் போட்டு, இனிமேல் புரோகிராமை இயந்திரமே எழுதிக்கொள்ளும், அதனிடம் எதைக் கேட்பது என்று தெரிந்தவர்களை மட்டும் தேர்வு வைத்து எடுத்துக்கொள்வோம் என்றார்கள். சொன்னவர் இனிமையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் நான் அதைச் சொன்னபோது, இத்தனை வருஷம் கழித்து அதே பயம் வந்தது. அப்பாவுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

அவர் கேட்டது ஒன்றுதான்: “அதுக்கு என்ன பொஸ்தகம் படிக்கணும்?” அதற்குப் புத்தகம் இல்லை, புத்தகம் அச்சாகி வருவதற்குள் அது பழசாகிவிடும் என்றேன். அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு, வா என்றார்.

கோல்பார்க்கில் கடைகள் இன்னும் இருக்கின்றன. நுழைவுத் தேர்வுப் புத்தகங்களும் சமையல் குறிப்புகளும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் புத்தகங்கள் ஒரு சுவர் உயரத்துக்கு நின்ற மூலையில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. புரோகிராம் புத்தகங்களை யாரும் கேட்பதில்லை, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாயிற்று என்றார் இப்போதிருக்கும் கடைக்காரர், தலை நரைத்த மனிதர். பழையவர் போய் வருஷங்கள் ஆகின்றன. நான் திரும்பலாம் என்றேன். அப்பா நகரவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சுத்தமான வங்காளத்தில், தனக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்றார். மெலிந்த புத்தகம், அட்டை இருக்காது, பேர் தெரியாது, உள்ளே விடையும் இருக்காது என்றார்.

கடைக்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விடை இல்லாத புத்தகமா என்று ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, வயதானவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமலோ என்னவோ, அடுக்கிலிருந்து தடித்த ஒன்றை உருவி, ‘கம்சா’வால் ஓங்கித் தட்டி, இதில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது என்று என்னிடம் நீட்டினார்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்காத,” என்றார்.