கேட்காமலே நீட்டிய அட்டை

யாழ்ப்பாணத்தில், ஆமிக்காரர் மறிக்கும்போதெல்லாம் அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவள் நான். பாரிஸில் குடியேறியபின் என் கணவருக்கு, ஆபிரிக்க நாடான ஜிபூத்தியிலுள்ள பிரெஞ்சு இராணுவ முகாமில் சமையல் வேலை கிடைத்தது. குடும்பமாகப் போகவேண்டும்.

"இஞ்சேரப்பா, நான் துவக்கே தூக்கப்போறன்? அகப்பைதானே!" என்று என் தயக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

பயணத்துக்காக, தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு மகளோடு ரயில் நிலையத்துக்கு வந்தேன். அங்கே ரோந்து வந்த சிப்பாய் ஒருவர் மகளைப் பார்த்து "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். நான் சட்டென்று அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் திகைத்துப்போனார்.

"அம்மா, அவர் ஒண்டும் கேக்கேல்லையே?" என்றாள் மகள்.

ஜிபூத்தியில் போய் இறங்கியபோது, எங்கள் பெட்டிகளை வீடுவரை தூக்கிவந்து தந்ததும் ஒரு சிப்பாய்தான். வாய் நன்றி சொன்னது. கை கைப்பைக்குள் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டில் எது நான் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.