துக்க வீட்டில் ஒரு வெள்ளி மாலை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டின் முன்பகுதியை ஒரு யூதருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் அவர் பொறியியலாளர்; நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வேலையிடத்தில் அதிகம் பேசமாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் வேறு ஆளாகிவிடுவார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பொழுதுபடுமுன் இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்தி, தன்னந்தனியாக நின்று பாடத் தொடங்குவார். மேசையில் தாளம் போடுவார். சில நேரம் கதிரையைச் சுற்றி ஆடவும் செய்வார். வெள்ளி பொழுதுபட்டதில் இருந்து சனி இருட்டும்வரை நீளும் அவர்களுடைய ஓய்வுநாளை அப்படித்தான் வரவேற்பார்களாம்.

"கடமைக்குச் செய்தால் அது பாதிதான். மனதோடு செய்ய வேண்டும்," என்று ஒருமுறை என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்க்கிறவன் நான்.

ஒரு புதன்கிழமை, ஊரில் அவருடைய தகப்பனார் இறந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. அந்தக் கிழமை முழுவதும் வான்வெளி மூடியிருந்ததால் அவருடைய நாட்டுக்கு விமானங்கள் ஓடவில்லை. மறுநாளே அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. இங்கே அவர், தங்கள் துக்க வழக்கப்படி, சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நிலத்தில் அமர்ந்தார். ஏழு நாள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாதாம். தகப்பனுக்காக மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று இருக்கிறது, அதற்குப் பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும் என்றார்.

மனைவியிடம் சொன்னேன்.

"பத்துப் பேர்தானே? எங்கட றோட்டிலயே சேர்க்கலாம். நான் போய்க் கேக்கட்டே?"

"எங்கட ஆக்கள் சரிவராதாம். அவையின்ர ஆக்கள்தான் வேணுமாம்."

"அவையளுக்கு இஞ்ச எங்க போறது?"

அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். பிறகு, "அப்பாவுக்கும் அப்ப ஒண்டும் செய்யேலாமல்தானே போச்சுது," என்றாள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் தகப்பனின் உடலைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு ஓடிவந்தவள் அவள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஓய்வுநாளில் துக்கத்தை வெளியே காட்டக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அவர் கிழிந்த சட்டையைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டார். மெழுகுவர்த்தி கொளுத்தினார். பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடியில் குரல் நின்றது. திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றது.

"போய்ப் பக்கத்தில இருங்கோவன்," என்றாள் மனைவி.

போய் இருந்தேன். கேட்டுக் கேட்டு மெட்டு எனக்குப் பாடமாகியிருந்தது. சொற்கள் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் அவர்களில் ஒருவனல்ல. அவர் பாட்டை ஒருவாறு முடித்தார். மேசையில் போட்ட தாளம் பாட்டோடு சேரவில்லை.

"இன்றைக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும்," என்றார். "அதுதான் கட்டளை. பாடிவிட்டேன். சந்தோஷம் வரவில்லை."

தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் குடிக்கவில்லை.

மறுநாள் இருட்டி நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்ததும் கிழிந்த சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு நிலத்தில் அமர்ந்தார். அப்போதுதான் அவருடைய முகம் கொஞ்சம் ஆறுதலடைந்தது போலிருந்தது.

விமானங்கள் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போய்விட்டார். பத்துப் பேரோடு நின்று அந்தப் பிரார்த்தனையைச் சொன்னதாக அங்கிருந்து ஒரு செய்தி அனுப்பினார். வெள்ளிக்கிழமைப் பாட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.