வெர்லீன் வாய் மூடினால்

"ஓட்டல்காரன் வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு ஒரே அளவுல நூறு பாவாடை வாங்கிட்டான். இடுப்பு சேரலைன்னா தையல்காரி நான் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்..." என்றபடி, தனக்கு வந்த இரண்டு சீட்டையும் நுனியில் தூக்கிப் பார்க்கிறார் வெர்லீன். பேச்சு அப்படியே அறுந்து போகிறது. பந்தயத் தொகையை ஏற்றுகிறார். மேசையில் அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார்கள். நடுவில் கிடக்கும் நாலு பந்தய வில்லைகளைத் துடைத்து எடுத்துக்கொள்கிறார். கையில் இருந்தது இரண்டு ராஜா.

ஹென்டர்சன் ஊர்ச் சூதாட்ட விடுதியில் செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்குப் போக்கர் போட்டி. வெர்லீன் டாக்கெட்டுக்கு வயது அறுபத்து மூன்று. ஆறு வருஷமாக ஒரு செவ்வாயும் தவறியதில்லை. கடைசி ஒன்பது பேர் உட்காரும் மேசையில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நல்ல சீட்டு வராமல் இல்லை. வந்தால் எதிர்த்து ஆட ஆள் இருப்பதில்லை. விருந்து சமைத்துவிட்டு, சாப்பிட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் இதே முறையீடுதான். "ஆண்டவரே, சீட்டெல்லாம் நல்லாத்தான் குடுக்குறீங்க. கட்டுறதுக்கு ஒரு ஆளையும் சேத்துக் குடுங்க."

ஆண்டவர் ரோஸ்கோவின் வாய் வழியாகப் பதில் சொன்னார். ரோஸ்கோ ஓய்வுபெற்ற குழாய்க்காரர், பக்கத்து நாற்காலி. போன செவ்வாய் அவர்தான் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தார். "தங்கம், நீ பேசுனா பயமில்ல. வாயை மூடுனா நான் ஓடிருவேன்."

ஆறு வருஷத்து ரகசியம்! அந்த வாரம் முழுக்க வெர்லீன் வீட்டில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஏஸ் இரண்டைப் பார்த்துக்கொண்டே மிஷினோடு பேசிப் பழகினார்.

இந்தச் செவ்வாய் பத்துப் பேர் மிச்சம். மேசைக்கு ஐந்து பேராக இரண்டு மேசை. இன்னும் ஒருவர் தோற்றால் போதும், மற்ற ஒன்பது பேருக்கும் கடைசி மேசை. வெர்லீனிடம் இருப்பது சின்னக் குவியல். ரோஸ்கோவிடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சீட்டு வந்தது. இரண்டு ஏஸ்.

"எங்க பாஸ்டரு ஞானஸ்நானம் குடுக்குறப்ப தும்முனாரு பாருங்க," என்று வெர்லீன் மூச்சு விடாமல் ஆரம்பித்தார். "பல்செட்டு தொட்டிக்குள்ள போயிருச்சு! தண்ணிக்குள்ள முங்குன பையன் எந்திரிக்கவே மாட்டேங்குறான்..." பேசிக்கொண்டே ஐயாயிரம் மதிப்புள்ள வில்லை ஒன்றை நடுவில் எறிந்தார்.

சீட்டுப் போடும் மாரிசெல் கையை நீட்டினாள். "ஏற்கெனவே இருக்குற பந்தயம் ஆயிரத்துக்கு ஈடு, அவ்வளவுதான். மீதி நாலாயிரம் உங்களுக்கு."

"ஐயோ, நான் ஏத்துனேன்மா!"

"நீங்க வாயால சொல்லலையே. ஒத்தை வில்லையைச் சும்மா போட்டா ஈடுதான். சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

ஊர்க்கதை எல்லாம் பேசிய வாய், அந்த ஒரு சொல்லை மறந்துவிட்டது. வெர்லீனுக்கு அழுகையே வந்தது. ஆனால் ஆரம்பித்த கதையை விட முடியுமா? "அவன் தாய்க்காரி வேற கரையில நின்னு கத்துறா..."

ரோஸ்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவ்வளவு பேசுகிறவளிடம் என்ன சீட்டு இருக்கப்போகிறது? தன் வில்லைகள் அத்தனையையும் நடுவே தள்ளினார். "மொத்தமும்!"

"கட்டுறேன்," என்றார் வெர்லீன், இந்த முறை வாயாலேயே.

ரோஸ்கோவிடம் இரண்டு பத்து. மாரிசெல் பொதுச்சீட்டு ஐந்தையும் விரித்தாள். ஒன்றும் அவருக்கு உதவவில்லை.

"அடிப்பாவி, பேசிட்டே இருந்தியே!" ரோஸ்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒம்பது பேரும் கடைசி மேசைக்கு வாங்க," என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் வில்லைகளை அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். மாரிசெல் தள்ளிவிட்ட பெரிய குவியல் வெர்லீனின் முன்னால் சரிந்து கிடந்தது. அவரோ ஒரு கையால் ரோஸ்கோவின் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"நில்லுங்க, பல்லு எங்க இருந்துச்சுன்னு கேட்டுட்டுப் போங்க..."